கடைமடைக்கு அப்பால் உள்ள கடல்

2022 செப்டம்பர் 21 அன்று தமிழக அரசு வெளியிட்ட ஓர் அறிவிக்கையின் மூலம், பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையுள்ள 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்புல் மேய்ந்து வாழும் பாலூட்டியான கடற்பசுவுக்கென்று இந்தியாவில் ஏற்படுத்தப்பட்ட முதல் பாதுகாப்பகம் இதுதான். பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் ஒரத்தநாட்டிலும் என்னோடு பழகுகிற படித்தவர்களிடம் இதைப் பற்றிப் பேசினால், பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதையே அறிந்திருக்கவில்லை. எரிவாயு எடுப்பதற்கு எதிராகப் போராடிய நெடுவாசல் தெரியும், கதிராமங்கலம் தெரியும், மீத்தேன் என்ற சொல் சின்னக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் நம் வயல்களுக்கு வடிகாலாகவும் நம் சந்தைகளுக்கு மீன் தரும் இடமாகவும் இருக்கிற கடலுக்கு ஒரு பாதுகாப்பகம் இருப்பதும், அந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதும் நம் பேச்சில் இடம்பெறவே இல்லை. அதைப் பேச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கடற்கரைக்காரி அல்ல. கல்லணைக் கால்வாயின் கடைமடையில், மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்கு என்றைக்கு வந்து சேரும் என்று காத்திருக்கிற ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த பழக்கத்தால்தான் கடற்புல்லின் பக்கம் என் கவனம் போனது. நிலத்தில் பூத்துக் காய்த்த செடியினம் ஒன்று, பல கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் கடலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு அடியிலேயே வேர்விட்டு, பூத்து, மகரந்தத்தை நீரோட்டத்தில் அனுப்பி, விதை வைக்கக் கற்றுக்கொண்டது என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு, அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது வேறு. பாசி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது. கடற்புல்லுக்கு இரண்டும் உண்டு.

மல்லிப்பட்டினத்தில் நண்டு வலை பிரிக்கிற நேரத்தில் போய் உட்கார்ந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓலைக் கொட்டகையின் நிழலில் பெண்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டு, நண்டின் கொடுக்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் நரம்பை ஒவ்வொரு கண்ணியாக விலக்கி எடுப்பார்கள். நண்டோடு சேர்ந்து வருவது தாழை என்று அவர்கள் சொல்லும் கடற்புல். அதில் இரண்டு மூன்று வகைகள் கலந்திருக்கும். ஒன்று தட்டையாக, நாடாவின் அகலத்தில், நுனியில் மிகச் சிறிய பற்களோடு இருக்கும். இன்னொன்று உருண்டையாக, கிள்ளினால் நீர் விட்டு உடையும். வேர்த்தண்டில் கறுப்புச் சேறு ஒட்டியிருக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அரிசி நொய்யளவு நத்தைகள், சில நாட்களில் கணவாயின் வெண்ணிற முட்டைப் பைகள், கண்ணாடியாகத் தெரியும் இறால் குஞ்சுகள். ஒரு பிடி தாழையில் இத்தனை உயிர்கள் ஒட்டிக்கொண்டு வரும்போது, அதைக் குப்பை என்று கரையில் உதறுவதைப் பார்க்க மனம் சங்கடப்படும். ஆனால் வலையைச் சுத்தம் செய்யாமல் மறுநாள் கடலுக்குப் போக முடியாது என்பதும் உண்மை.

அரசின் கணக்குப்படி இந்தப் பாதுகாப்பகத்துக்குள் ஏறத்தாழ 12,250 ஹெக்டேர் கடற்புல் படுகை இருக்கிறது. மொத்தப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளலாம். நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, பாக் விரிகுடாவின் இறாலுக்கும் நண்டுக்கும் ஓரா மீனுக்கும் இந்தப் படுகை அப்படி. குஞ்சுப் பருவத்தை இதற்குள் கழித்துவிட்டு, வளர்ந்த பிறகே அவை வெளியே போகின்றன. இலைகள் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைப்பதால் மிதக்கும் வண்டல் கீழே படிகிறது. வேர்கள் அந்த வண்டலை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பகுதிக் கடற்கரையில் வெண்மணல் கிடையாது. கால் வைத்தால் முழங்கால் வரை புதைகிற சேறு. ராஜாமடம், அதிராம்பட்டினம் பக்கங்களில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே வெட்டிய வாய்க்கால் வழியாகத்தான் படகுகள் கடலுக்குள் போகின்றன. அந்தச் சேற்றை அதன் இடத்திலேயே கட்டிவைத்திருப்பதில் கரையில் அலையாத்திக்கும் கடலுக்குள் கடற்புல்லுக்கும் பங்கு உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, வேதாரண்யம் பக்கத்துக் கரைகளில் கடல் சேற்றை வாரிக் கொண்டுவந்து கொட்டியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி கடற்பசு. நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். தாவரத்தை மட்டுமே தின்று கடலிலேயே வாழ்நாள் முழுவதையும் கழிக்கும் பாலூட்டி இது ஒன்றுதான். வளர்ந்த ஒரு கடற்பசு ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ வரை கடற்புல் மேய்கிறது. மேய்ந்த இடத்தில் நீளமான தடம் விழும். அந்தத் தடத்தில் புதுத் துளிர் வேகமாகக் கிளம்பும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும் என்பதால், வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சடைத்துச் செத்துவிடும். பதின்மூன்று, பதினான்கு மாதக் கர்ப்பம். ஒரு ஈற்றுக்கு ஒரே கன்று. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை இடைவெளி. எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடிய விலங்கு என்றாலும், இந்தக் கணக்கில் பெருகுகிற ஓர் இனம், ஆண்டுக்குச் சில வளர்ந்த பெண் விலங்குகளை இழந்தால்கூடத் தேய்ந்துகொண்டே போகும். இந்தியா முழுவதும் எஞ்சியிருப்பவை சுமார் 240 என்று பாதுகாப்பகத்தை அறிவித்தபோது அரசே சொன்னது. அவற்றில் பெரும்பகுதி நம் பாக் விரிகுடாவில்.

கடற்பசுவைக் கொல்வது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுமையான குற்றம். அது முதல் பட்டியலில் உள்ள விலங்கு. விலங்குக்கு இவ்வளவு உறுதியான காப்பு இருக்கும்போது, அது மேய்கிற இடத்துக்கு என்ன காப்பு இருக்கிறது என்று தேடியபோதுதான் எனக்குக் கவலை பிடித்தது.

இந்தக் கடல் தேசியப் பூங்காவாகவோ சரணாலயமாகவோ அறிவிக்கப்படவில்லை. 2002 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது புதிதாகச் சேர்த்த 36-ஏ என்ற பிரிவின்கீழ் ‘பாதுகாப்புக் காப்பகம்’ என்ற வகையில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்த வகைக்கு ஒரு நல்ல நோக்கம் உண்டு. உள்ளூர் மக்களைக் கலந்துபேசி, அவர்களுடைய பிழைப்பை நிறுத்தாமல், அவர்களையும் நிர்வாகத்தில் சேர்த்துக்கொண்டு ஓர் இடத்தைக் காப்பது. அந்த நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் சரணாலயத்துக்குரிய பிரிவுகளில் எவையெவை இதற்குப் பொருந்தும் என்று 36-ஏ வரிசையாகச் சொல்லும் இடத்தில், 29 ஆம் பிரிவு இல்லை. அந்த 29 ஆம் பிரிவுதான் சரணாலயத்துக்குள் வனவிலங்கின் வாழிடத்தை அழிக்கவோ சேதப்படுத்தவோ நீரோட்டத்தைத் திருப்பவோ தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்றும், வனவிலங்கின் நன்மைக்குத் தேவை என்று உறுதிப்பட்டால் மட்டுமே அந்த அனுமதியைத் தர வேண்டும் என்றும் கட்டுப்படுத்துகிறது. தீ வைக்கக் கூடாது, நச்சு அல்லது வெடிப்பொருள் பயன்படுத்தக் கூடாது, விலங்கைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பவை நம் பாதுகாப்பகத்துக்கும் பொருந்துகின்றன. வாழிடத்தை அழிக்காதே என்ற கட்டளை, இருக்க வேண்டிய பிரிவில் இல்லை. கடற்பசுவின் வாழ்வே அது மேய்கிற புல்தரையைச் சார்ந்திருக்கும்போது, இந்த விடுபாடு சிறியது என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது 36-பி. காப்பகத்தை நிர்வகிக்க ஆலோசனை சொல்லும் குழுவைப் பற்றிய பிரிவு இது. வனத்துறையின் பிரதிநிதி உறுப்பினர் செயலர். காப்பகம் எந்த ஊராட்சிகளின் எல்லையில் வருகிறதோ அந்த ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒருவர். வன உயிரினப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள தொண்டு நிறுவனங்களின் சார்பில் மூவர். வேளாண் துறைக்கு ஒருவர். கால்நடைத் துறைக்கு ஒருவர். இவ்வளவுதான் சட்டத்தில் எழுதியிருக்கிறது. மீன்வளத் துறைக்கு அதில் இடம் எழுதப்படவில்லை. காட்டோர நிலத்தை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு கடலுக்கு வரும்போது இப்படித்தான் ஆகும். கடலை நிர்வகிக்கும் குழுவில் கால்நடைத் துறைக்கு ஆசனம் உண்டு, மீன்வளத் துறைக்குச் சட்டப்படியான ஆசனம் இல்லை என்றால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு மாநில அரசின் அறிவுக்கு விடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஊராட்சிப் பிரதிநிதி இருக்கிறாரே, அவர் மீனவர்களுக்காகப் பேச மாட்டாரா என்று கேட்கலாம். நம் பகுதி ஊராட்சிகளின் அமைப்பைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். ஓர் ஊராட்சியில் தென்னந்தோப்பும் வயலும் உள்ள உட்கிராமங்கள் பலவாகவும், கடலோரக் குப்பம் ஒன்றாகவும் இருக்கும். வாக்கு எண்ணிக்கையில் குப்பம் சிறியது. மீனவர்கள் தங்களுக்குள் எதையும் முடிவெடுப்பது அவர்களுடைய ஊர்ப் பஞ்சாயத்தில். என்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது, எந்த வலையை எங்கே விடக் கூடாது என்று கட்டுப்பாடு விதிப்பதும், மீறினால் தண்டம் போடுவதும் அங்கேதான். அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. ஆக, கடலை அன்றாடம் உண்மையில் நிர்வகிக்கிற அமைப்பு, கடலுக்கென்று ஏற்படுத்திய குழுவின் வாசலுக்கு வெளியே நிற்கும்படி ஆகிறது.

சேதுபாவாசத்திரத்தில் எனக்குப் பழக்கமான நாட்டுப்படகு மீனவர் ஒருவர் இதை வேறு விதமாகச் சொன்னார். “ஆவுளியா நம்ம வலையத் தேடிக்கிட்டா வருது டீச்சர்? தாழை கெடக்குற எடத்துலதான் நண்டு கெடக்கு, நண்டு கெடக்குற எடத்துலதான் நாங்க வலை விடுறோம். அதுவும் அங்கதான் மேயும். மாட்டிக்கிச்சுன்னா வலைய அறுத்துத்தான் விடணும். விடுறோம், விடாம இல்ல. ஆனா நாளைக்கு இந்த எடத்துக்கே வரக்கூடாதுன்னு ஒரு காயிதம் வந்துச்சுன்னா நாங்க எங்க போறது?” வலையை அறுத்துக் கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டுவதும் பரிசு கொடுப்பதும் இந்தக் கடற்கரையில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஒரு தலைமுறைக்கு முன் இறைச்சிக்காகப் பிடித்த விலங்கை, தன் வலையை இழந்து விடுகிற மனநிலைக்கு மக்கள் வந்திருப்பது பெரிய மாற்றம். அந்த மாற்றத்தைக் காப்பாற்றுவது எந்தச் சட்டப்பிரிவையும்விட முக்கியமானது என்று நினைக்கிறேன்.

அவருடைய பயத்துக்கும் காரணம் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடாவில் 1986 இல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. பவளப்பாறைகளைக் காப்பதற்கு அது தேவைப்பட்டது. பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த ராமநாதபுரம் பெண்கள், ஒரு நாளில் அத்துமீறி நுழைபவர்களாக ஆக்கப்பட்டார்கள். அந்தக் கசப்பின் கதைகள் கோடியக்கரை வரையுள்ள எல்லா மீனவர் குடும்பங்களிலும் சொல்லப்படுகின்றன. ஆகவே 29 ஆம் பிரிவு வேண்டும் என்று நான் கேட்பது, நாட்டுப்படகை விரட்டும் பூங்கா வேண்டும் என்பதற்காக அன்று. நண்டு வலையையும் தோண்டு கப்பலையும் ஒரே தட்டில் வைக்காத விதி வேண்டும் என்பதற்காக.

தோண்டு கப்பல் என்று சொல்லும்போது சேதுசமுத்திரத் திட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின்படி, 167 கிலோமீட்டர் நீளத்துக்கு, 300 மீட்டர் அகலத்தில், 12 மீட்டர் ஆழத்தில் கப்பல் கால்வாய் வெட்ட வேண்டும். ஆதம் பாலத்தைச் சுற்றி எழுந்த மத, அரசியல் வாதங்களில் நாடு மூழ்கியிருந்தபோது, வடக்கே கோடியக்கரைக்குக் கிழக்கே பாக் நீரிணையில் தோண்டும் வேலை நடந்ததை நம்மில் பலர் கவனிக்கவில்லை. ஆதம் பாலத்தின் மேல் இருந்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கு பாக் விரிகுடாவின் கடற்புல் மேல் இருந்திருக்கலாம் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. வழக்காலும் செலவாலும் வேலை நின்றது. 2023 ஜனவரி 12 அன்று, அதாவது கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டு நான்கு மாதம்கூட முடிவதற்குள், அந்தத் திட்டத்தை மீண்டும் நிறைவேற்ற வேண்டும் என்று ஒன்றிய அரசை வலியுறுத்தித் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டையும் செய்தது ஒரே அரசு.

கால்வாயின் தடம் பாதுகாப்பகத்துக்குள் வரவில்லை என்பது சரி. ஆனால் கலங்கல் கோடு பார்த்து நிற்பதில்லை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் ஆழம் குறைந்தது. கடற்புல் இங்கே இவ்வளவு பரந்து வளர்வதற்குக் காரணமே அடித்தரை வரை வெயில் இறங்குவதுதான். கடலடிச் சேற்றைத் தோண்டி வேறிடத்தில் கொட்டும்போது மெல்லிய துகள்கள் நாள்கணக்கில் மிதக்கின்றன, இலைகள் மேல் படிகின்றன, வெளிச்சத்தை மறைக்கின்றன. வெளிச்சம் குறைந்தால் கடற்புல் முதலில் வேர்த்தண்டில் சேமித்துவைத்த மாவுச்சத்தைத் தின்று உயிர்பிழைக்கும். அது தீர்ந்தபின் அழுகும். ஒருமுறை வெட்டினால் முடிந்துவிடுகிற வேலையும் அன்று அது. சேறு மிகுந்த கடலில் கால்வாய் தூர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுதோறும் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வாய்க்கால் தூர்வாரும் வேலையை வருடாவருடம் பார்க்கிற டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணெயும் எரிவாயுவும் இன்னொரு பக்கம். 2017 பிப்ரவரியில் நெடுவாசல் எழுந்தது, அதே ஆண்டு ஜூன் கடைசியில் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்தது, அதன் தொடர்ச்சியாக 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நாம் போராடிப் பெற்றது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும், பின்னர் சேர்க்கப்பட்ட மயிலாடுதுறையிலும் புதிதாக எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதை நான் மதிக்கிறேன். நெடுவாசல் பந்தலில் உட்கார்ந்தவள் என்ற முறையில் அதில் எனக்கும் ஒரு துளி உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் நிலத்தோடு நின்றுவிடுகிறது. மல்லிப்பட்டினத்துக் கரையில் நின்றால், காலுக்குப் பின்னால் உள்ள தென்னந்தோப்பு வேளாண் மண்டலம். காலுக்கு முன்னால் உள்ள சேறு அதில் இல்லை. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை போன்ற உள்கட்டமைப்புப் பணிகளை அந்தச் சட்டம் தன் தடையிலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது. காவிரிப் படுகை என்று எண்ணெய்த் துறை அழைப்பது வயலுக்கு அடியில் மட்டும் இருப்பது அன்று. அது கடலுக்கு அடியிலும் நீள்கிறது. 2025 பிப்ரவரியில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடலில் சுமார் 9,990 சதுர கிலோமீட்டர் பரப்பை எண்ணெய், எரிவாயு தேடுவதற்கான ஏலத்தில் ஒன்றிய அரசு வைத்தபோது, ராமநாதபுரம், கன்னியாகுமரி மீனவர்கள் கொதித்தார்கள். டெல்டா விவசாயச் சங்கங்களிலிருந்து எழுந்த குரல் அந்த அளவுக்கு உரத்திருக்கவில்லை. நிலத்தில் தடை, கடலில் அனுமதி என்ற நிலை நீடித்தால், முதலீடு எந்தப் பக்கம் நகரும் என்று ஊகிப்பது கடினமா?

கரையில் ஏற்கெனவே நடந்தேறியிருப்பது இறால் பண்ணை. இந்த விஷயத்தில் டெல்டாவுக்கு ஒரு முன்னோடி வரலாறு இருக்கிறது என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாகை மாவட்டக் கடலோரத்தில் நெல் வயல்கள் இறால் குளங்களாக மாறி, குடிநீர் உப்பாகிக்கொண்டிருந்தபோது, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அந்தக் கிராமங்களின் பெண்களைக் கூட்டிச் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பாரம்பரிய முறைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பிறகு 2005 இல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து அந்தத் தீர்ப்பின் கூர்மையைக் குறைத்தது. 2023 இல் வந்த திருத்தம் மேலும் குறைத்தது. இறால் குளத்துத் தண்ணீரை அறுவடையின்போது வடிகாலில் திறந்துவிட்டால், தீவன எச்சமும் மருந்தும் கழிவும் சேர்ந்து கடற்புல் வளர்கிற அதே ஆழமற்ற நீருக்குத்தான் போய்ச்சேரும். சத்து மிகுந்தால் பாசி படர்ந்து புல்லை மூடும்.

இங்கே நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நசுவினியாறும் பாட்டுவனாச்சியும் அக்னியாறும் கடலுக்குக் கொண்டுபோவது இறால் பண்ணைக் கழிவை மட்டும் அல்ல. நம் வயலில் மிஞ்சிய யூரியாவும் பூச்சிமருந்தும், பட்டுக்கோட்டையின் சாக்கடையும் சேர்ந்தே போகின்றன. நல்ல தண்ணீர் கடலில் கலந்தால் வீண் என்று பேசுகிறோம். முத்துப்பேட்டைக் காயலில் பாமணியாறும் கோரையாறும் கொண்டுவருகிற நன்னீர் குறைந்ததால் உப்பு ஏறி அலையாத்தி கருகிய இடங்களையும், பின்னர் வனத்துறையும் உள்ளூர் மக்களும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலை நீரை உள்ளே விட்டு அந்தக் காட்டை மீட்டதையும் பார்த்தவர்கள், வடிந்து போகிற நீருக்கும் வேலை உண்டு என்பதை மறுக்க மாட்டார்கள்.

விசைப்படகுகளின் பிரச்சினையை நான் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. இரட்டைமடி, சுருக்குமடி வலைகள் தடைசெய்யப்பட்டவை. இழுவை மடி கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும்போது புல்லை வேரோடு பிடுங்குகிறது. இருக்கிற சட்டத்தை நேர்மையாக அமல்படுத்தினாலே பாதுகாப்பகத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

மனோராவில் கடற்பசுப் பாதுகாப்பு மையம் ஒன்றை அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. 1814 இல் சரபோஜி மன்னர் கடலைப் பார்த்துக் கட்டிய அந்த எட்டு அடுக்குக் கோபுரத்துக்கு வருகிறவர்கள், எதிரிலுள்ள கடலில் என்ன வாழ்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லதே. குழந்தைகளை அழைத்துச்செல்ல ஓர் இடம் வேண்டும் என்று ஆசிரியையாக நானே ஏங்கியதுண்டு. ஆனால் கட்டடம் எழுவதோடு வேலை முடிந்ததாகக் கொள்ளும் பழக்கம் நம் நிர்வாகத்தில் வேரூன்றியது. அந்த மையத்தின் கழிவுநீர் எங்கே போகும், இரவு விளக்குகள் எப்படி அமையும், சுற்றுலாப் படகு விடுவார்களா, விட்டால் எவ்வளவு வேகத்தில் என்பனவற்றுக்கு முன்கூட்டியே எழுத்தில் பதில் வேண்டும். கடற்பசு மெதுவாக நீந்தும் விலங்கு. வேகமாக வரும் படகின் அடியும் சுழலும் இறக்கையும் அதற்கு எமன்.

2019 ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் கடற்புல் படுகைகள் 1-ஏ என்ற மிக நொய்மையான வகையில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே அறிவிக்கைதான் மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோரக் கிராமங்களில் கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. அறிவிக்கைகளை ஒன்றிய அரசு நினைத்தால் மாற்றலாம், மாற்றியும் வந்திருக்கிறது. மாநிலத்தின் கையில் உள்ளதை மாநிலம் செய்ய வேண்டும்.

அதற்கு நம் பக்கத்தில் தொடங்குகிற இடம் கிராம சபை. ஹைட்ரோகார்பனுக்கு, அதாவது எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கு எதிராக டெல்டா ஊராட்சிகள் கிராம சபைத் தீர்மானங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றியதன் பலனை நாம் பார்த்திருக்கிறோம். பட்டுக்கோட்டை, சேதுபாவாசத்திரம், மணமேல்குடி ஒன்றியங்களில் கடலைத் தொடுகிற ஊராட்சிகள், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கடற்பசுப் பாதுகாப்பகத்தைப் பற்றி ஒரு தீர்மானம் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்பகத்திலும் அதைச் சுற்றியுள்ள கடலிலும் எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தையும் கப்பல் கால்வாய்க்கான தோண்டலையும் மாநில அரசு தன் அறிவிக்கையிலேயே வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டும். வேளாண் மண்டலச் சட்டத்தின் அட்டவணையில் இந்தக் கரையோரக் கடலையும் சேர்க்க வழி காண வேண்டும். 36-பி குழுவில் மீன்வளத் துறைக்கும், ஒவ்வொரு மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துக்கும், நண்டு வலை பிரிக்கிற பெண்களின் சார்பில் ஒருவருக்கும் இடம் தர வேண்டும். கடற்பசுவை விடுவிக்க அறுத்த வலைக்கு முழு விலையும் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். நாட்டுப்படகு மீன்பிடிப்பு தொடரும் என்பதை மேலாண்மைத் திட்டத்தில் எழுதித் தர வேண்டும். தீர்மானத்தின் வாசகத்தை வழக்கறிஞர் ஒருவரின் உதவியோடு எழுதிவைத்திருக்கிறேன். உட்கிராமத்து விவசாயிகளும் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். குப்பத்தின் கைகள் மட்டும் உயர்ந்தால் அந்தத் தீர்மானம் எண்ணிக்கையில் தோற்றுவிடும். வாசகம் வேண்டுகிற ஊராட்சிக்காரர்களுக்கும், மீனவர் சங்கத்தினருக்கும், விவசாயச் சங்கத்தினருக்கும் அனுப்பித் தருகிறேன்.